சைக்கிளுக்குக் காப்புறுதி: எது கிடைக்கும், எது கிடைக்காது

மோட்டார் வாகனம் எதுவும் காப்புறுதி இல்லாமல் வீதியில் ஓடக்கூடாது என்பது சட்டம். சைக்கிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனாலேயோ என்னவோ, அதைப் பற்றி எங்களுக்கு விளக்கிச் சொல்வாரும் இல்லை. தாய் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் ஒரே சைக்கிளில் போய்வரும் வீடுகள் வன்னியில் எத்தனையோ.

முதலில் களவு. வீட்டுக் காப்புறுதி எடுப்பவர்கள் பொருட்களின் பட்டியலில் சைக்கிளையும் சேர்க்கும்படி கேட்கலாம். ஆனால் கதவையோ பூட்டையோ உடைத்து நடந்த களவுக்குத்தான் பொதுவாகப் பணம் தருவார்கள். சந்தை வாசலில் நிறுத்திய சைக்கிள் காணாமற்போனால் கைவிரிப்பார்கள். தேய்மானத்துக்கும் எதுவும் இல்லை. யுத்தத்தால் வரும் இழப்பைப் பெரும்பாலான காப்புறுதிப் பத்திரங்கள் வெளிப்படையாகவே விலக்குகின்றன. 2009 இல் முள்ளிவாய்க்காலில் விட்டுவந்த சைக்கிள்களுக்குப் பத்திரம் இருந்திருந்தாலும் ஒரு சதமும் வந்திராது. பழைய சைக்கிள் ஒன்றுக்காக மட்டும் வருடாவருடம் பணம் கட்டுவது என் கணக்கில் கட்டுபடியாகாது. அந்தக் காசுக்கு நல்ல பூட்டு வாங்கலாம்.

விபத்து வேறு கதை. உங்களை மோதிய மோட்டார் சைக்கிளுக்கோ பஸ்ஸுக்கோ இருக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி உங்களுக்கானது. காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அதிலிருந்து இழப்பீடு கோரலாம். இங்கேதான் எங்கள் சனம் ஏமாறுகிறது. சாரதி வீதியோரத்திலேயே சில ஆயிரம் ரூபாவை நீட்டி, “பொலிசுக்குப் போகவேண்டாம், பேசி முடிப்பம்” என்பார். பொலிஸ் என்றாலே தயங்கும் மனம், யுத்தத்தைக் கண்ட எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் முறைப்பாடு இல்லாமல் பிறகு இழப்பீடு கேட்பது மிகக் கடினம். வாகன இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றே முறைப்பாடு செய்யுங்கள், வைத்தியசாலைத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். மோதிவிட்டு ஓடிய வாகனத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கும் வழியும் உண்டு.

தனிநபர் விபத்துக் காப்புறுதி சைக்கிளைப் பார்ப்பதில்லை, ஓடுபவரைப் பார்க்கிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத் தலைவிகள் விசாரிக்க வேண்டியது இதைத்தான். எடுக்குமுன், வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்கும் பணம் தருவார்களா என்று கேளுங்கள். தமிழில் விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.

எதற்கும் ஆதாரம் கேட்பார்கள். இடப்பெயர்வுகளில் எங்கள் கடதாசிகள் எத்தனை தடவை தொலைந்தன! சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சுக்குக் கீழே அல்லது இருக்கைக் குழாயில் ஓர் இலக்கம் அடித்திருக்கும். அதையும் வாங்கிய பற்றுச்சீட்டையும் படம் எடுத்து, நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். கைத்தொலைபேசியும் சேர்ந்து களவு போகலாம்.