இரணைதீவு: குடிநீர், கடலட்டை, வாடைக்காற்று

கிளிநொச்சி மாவட்டம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவில் வருவது இரணைமடுக் குளமும் அதன் கீழ் விரிந்த வயல்களுமே. அதே மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு அப்பால், பாக்குநீரிணைக் கடலில், பூநகரிப் பிரதேச செயலகத்தின் கீழ் ஒரு தீவுக் கிராமமும் இருக்கிறது. இரணைதீவு என்ற பெயரே சொல்வதுபோல அது அருகருகாய்க் கிடக்கும் இரு தீவுகள். பெரியதீவு, சின்னத்தீவு என்று ஊரவர் சொல்வார்கள். முழங்காவிலை அடுத்த இரணைமாதாநகர் இறங்குதுறையிலிருந்து இயந்திரப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம்.

வன்னியில் காலநிலை மாற்றம் பற்றிய பேச்சு பெரும்பாலும் குளங்களையும் நெல்லையும் சுற்றியே நடக்கிறது. அது நியாயந்தான். ஆனால் காற்று, மழை, கடல்மட்டம், கடல்நீரின் வெப்பம் ஆகிய நான்கும் ஒரே சமயத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரை வரை வந்து நிற்கும் இடம் இந்தத் தீவு. போரினால் கால் நூற்றாண்டு ஊரை விட்டு அகற்றப்பட்டிருந்த மக்கள் அங்கே பிழைப்பை மீண்டும் தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது.

போனதும் திரும்பியதும்

1992 இல் யுத்தம் காரணமாக மக்கள் தீவை விட்டு வெளியேறினர். கரையில் அவர்கள் அமைத்துக்கொண்ட குடியிருப்புத்தான் இரணைமாதாநகர். ஊரின் மாதாவைப் பெயரிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். 2009 இல் போர் முடிந்த பின்னரும் தீவில் கடற்படை நிலைகொண்டிருந்ததால் அங்கே தங்கித் தொழில் செய்ய வழியிருக்கவில்லை. 2017 மே 1 ஆம் திகதி ஊரவர்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். ஒரு வருடம் நிறைய ஒரு வாரமளவே இருந்த நிலையில், 2018 ஏப்ரல் 23 அன்று, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வெள்ளைக் கொடிகளைக் கட்டிய படகுகளில் தீவுக்குப் போய் இறங்கினார்கள். அடுத்த மாதமே அவர்கள் அங்கு தங்குவதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

அங்கே அவர்களை வரவேற்றவை மாதா கோவிலும், கூரையிழந்த முருகைக்கல் சுவர்களும், தூர்ந்த கிணறுகளும், காட்டுத்தனமாய்ப் பெருகியிருந்த மாடுகளும், ஆளில்லாமலே காய்த்துக்கொண்டிருந்த தென்னைகளும். பிள்ளைகளின் பாடசாலையும் வைத்தியசாலையும் பெருநிலத்தில் இருந்தன. ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு வீட்டுக் குடித்தனத்துக்கு வந்தன. தொழில் தீவில், படிப்பும் மருந்தும் கரையில். இதை முழுமையடையாத மீள்குடியேற்றம் என்று அதிகாரிகள் குறைவாக மதிப்பிடுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் ஏறிப்போக இன்னொரு கூரை இருப்பது ஒரு பலம். பயிர்ச்செய்கைக் காலத்தில் வயல்வாடியிலும் மற்றக் காலத்தில் ஊரிலும் வாழ்வது வன்னிக்குப் புதிதுமல்ல. இரண்டு வீடு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி தீவில் இறங்குதுறையோ மருத்துவ வசதியோ தராமல் விடுவதுதான் குறை.

கிணற்றின் கணக்கு

தீவில் முதல் கேள்வி மீன் அல்ல, குடிநீர்.

சிறிய தீவொன்றின் நிலத்தடி நீர், பெருநிலத்துக் கிணற்று நீரைப் போன்றதன்று. மழைநீர் மணலிலும் கல்லிலும் இறங்கி, கீழே நிற்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால் இது நடக்கிறது. பாதி அமிழ்ந்து மிதக்கும் தோணி போன்ற ஒரு நன்னீர்ப் படலம் அது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளரின் பொதுக் கணக்கு. அதை மறுபக்கமாகப் பார்த்தால், மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடும். வாளியால் அள்ளும்வரை தாங்கும் கிணறு, இயந்திரப் பம்பியைப் பூட்டியதும் சில நாட்களில் உவர்ப்பது இதனால்தான். நீரைத் தருவதாகச் சொல்லி முதலில் பம்பியை வழங்கும் உதவித் திட்டம் இத்தகைய தீவில் கிணற்றையே கொன்றுவிடும்.

1901 இலிருந்து 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. 2006 க்குப் பின்னர் அது வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர் என்ற வேகத்தை எட்டியது. இதனால் தீவு நாளையே அமிழ்ந்துவிடும் என்று பயமுறுத்த வேண்டியதில்லை. தீவு அமிழ்வதற்கு நெடுங்காலம் முன்னரே கிணறு உவர்த்துவிடும் என்பதுதான் சிக்கல். புயலின்போது கடல் ஒருமுறை ஏறி வந்தாலும் போதும். 2004 சுனாமிக்குப் பின் மாலைதீவின் பல தீவுகளில் மக்களைக் குடிநீருக்குத் தவிக்க வைத்தது, நிலத்தடி நீரில் கலந்த இந்த உப்புத்தான்.

தீர்வு கூரையில் இருக்கிறது. வருட மழை 1,000 மில்லிமீற்றர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 40 சதுர மீற்றர் தகரக் கூரை ஒன்றில் 40,000 லீற்றர் விழுகிறது. சிந்துவதும் முதல் மழையில் கழுவிவிடுவதும் போக 30,000 லீற்றர் தேறும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லீற்றர் எடுத்தால், சோளகம் வீசும் ஐந்து மாத வறட்சிக்குத் தேவையானது 6,000 லீற்றர்தான். 8,000 லீற்றர் சீமெந்துத் தொட்டி ஒன்று அதைத் தாங்கி மிச்சமும் வைக்கும். குளிக்கவும் ஆடு மாட்டுக்கும் கிணறு. எனவே தீவில் வீட்டுத்திட்டம் என்று வந்தால் பீலியும் தொட்டியும் அந்த மதிப்பீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பிறகு தனியாகத் தருவோம் என்றால் அது வராது என்பதை இந்த மண்ணில் வீட்டுத்திட்டம் பெற்ற எவரும் அறிவர்.

2021 மார்ச் தொடக்கத்தில், கொவிட் தொற்றால் இறந்தவர்களைப் புதைக்கும் இடமாக அரசாங்கம் இரணைதீவை அறிவித்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். கட்டாயத் தகனத்தினால் முஸ்லிம் மக்கள் பட்ட வேதனைக்குப் பதிலாகக் காட்டப்பட்ட இடம் அது. ஊரவர்கள் வீதிக்கு இறங்கினர். இறந்தவர்களை அவரவர் ஊரிலேயே அடக்கம் செய்ய விடுங்கள், இப்போதுதான் மீண்டுவந்த எங்கள் தீவை இடுகாடாக்காதீர்கள் என்பதே அவர்களின் நிலைப்பாடு. சில நாட்களில் இடம் ஓட்டமாவடிக்கு மாற்றப்பட்டது. அப்படியொரு முடிவை எடுத்தவர்களின் வரைபடத்தில் இரணைதீவு ஆளில்லாத இடமாகவே இருந்திருக்க வேண்டும்.

கடல் தருவதும் கடலுக்கு நேர்வதும்

தீவைச் சுற்றிய கடல் ஆழமற்றது. பாக்குநீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றரையும் எட்டாது. அடியில் வெளிச்சம் படுவதால் கடற்புல் வளர்கிறது. அந்தப் புல்லில்தான் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் கடலட்டையும். ஆண்கள் சிறு படகில் நண்டுவலை போட, பெண்கள் வற்றுக் காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தே கடலட்டையும் சிப்பியும் பொறுக்குவார்கள். படகும் இல்லை, இயந்திரமும் இல்லை, மண்ணெண்ணெய்ச் செலவும் இல்லை. கணவனைப் போரில் இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு இந்த நடைத்தொழில் எவ்வளவு பெரிய ஆதாரம் என்பது படகை எண்ணி உதவி வழங்கும் பட்டியல்களில் தெரிவதில்லை.

இந்தக் கடலடியை மிக வேகமாக அழிப்பது காலநிலை அல்ல, இழுவைமடி. தமிழகக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் புல்லையும் வலையையும் சேர்த்தே வாரிச் செல்கின்றன. இலங்கை 2017 இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனாலும் இரவில் வரும் படகைச் சட்டப்புத்தகம் நிறுத்தவில்லை. கடற்புல் கரையைத் தாக்கும் அலையின் வேகத்தைத் தணிக்கிறது, மணலைப் பிடித்து வைக்கிறது. எனவே இழுவைமடி விவகாரத்தை மீன்பிடிப் பிணக்கு என்று ஒரு பெட்டியிலும், கரையரிப்பைக் காலநிலை என்று இன்னொரு பெட்டியிலும் போடுவது பொருந்தாது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கு அருகேயுள்ள வான் தீவு 1973 இல் 26 ஹெக்டேயர் அளவு இருந்து, 2016 இல் ஏறத்தாழ 4 ஹெக்டேயராகச் சுருங்கியது. முருகைக்கல் அகழ்வு அங்கே பெரும் பங்கு வகித்தது. 2015 முதல் கடலடியில் செயற்கைப் பார்களை இறக்கி அந்தச் சுருக்கத்தைத் தடுத்திருக்கிறார்கள். அதே குடாவில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு சிறு தீவுகள் அதற்கு முன்னரே நீருக்குள் போய்விட்டன.

இனிக் கடலட்டைப் பண்ணை. சில வருடங்களாக வடக்கின் கடலோரமெங்கும் இதுவே மருந்தாகச் சொல்லப்படுகிறது. ஆழமற்ற கடலில் வலையடைத்து, குஞ்சுகளை விட்டு, மாதக்கணக்கில் வளர்த்து, அவித்து உலர்த்தி ஏற்றுமதி செய்வது. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் பெருமளவு கடலட்டை வளர்ப்புக்கு அமைச்சரவை அனுமதி வழங்கியது. தொழிலில் வருமானம் உண்டு என்பதை மறுக்க முடியாது. அட்டைக்குத் தீனி போடவும் வேண்டியதில்லை. சேற்றை உண்டு கடலடியைத் துப்புரவாக்கும் உயிரினம் அது.

ஆனால் யாருடைய கடலில் யாருடைய வேலி என்ற கேள்வி எழுந்தது. 2021 இல் கௌதாரிமுனையில் சீன முதலீட்டு நிறுவனமொன்றின் பண்ணைக்கு உள்ளூர் எதிர்ப்பு வந்தது. 2022 இல் கிராஞ்சி இலவன்குடாவில் கடற்றொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், தாம் நடந்து தொழில் செய்த கரைக்கடல் பண்ணைகளால் அடைபட்டதாகச் சொல்லிப் போராட்டத்தில் அமர்ந்தனர். நடந்து பொறுக்கியவளுக்குப் பண்ணை உரிமம் இல்லை. பழைய இடமும் இல்லை. கூலிக்குப் போகலாம்.

காலநிலை என்ற கண்ணால் பார்த்தாலும் இந்தத் தொழிலில் ஒரு ஓட்டை உண்டு. கடலட்டை உப்புத் தன்மையில் ஏற்படும் திடீர் மாற்றத்தைத் தாங்காது. வாடையில் பெருமழை பெய்து, குளங்கள் வான்பாய்ந்து, வெள்ளம் கரைக்கடலில் கலந்தால் வலைக்குள் அடைபட்ட அட்டைக்கு ஓட இடமில்லை. காற்று வேலியையும் பிடுங்கும். ஆகவே முழுக் குடும்பமும் ஒரே ஏற்றுமதிப் பண்டத்தில் தங்கிவிடுவது, அதுவும் கடன்பட்டு, ஆபத்தானது. பாசி வளர்ப்பிலும் இதே பாடம் இருக்கிறது. இராமநாதபுரம் கரையில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வருமானம் தந்த கப்பாபைக்கஸ் பாசி 2013 க்குப் பின் பெருமளவு சரிந்தது. கடல்நீர் வெப்பம் ஏறியதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பாசி குருசடைத் தீவின் முருகைக்கற்களின் மேல் படர்ந்து அவற்றை மூடியதும் பதிவாகியிருக்கிறது. வேற்றிடத்துப் பாசியை நம் கடலில் கட்டும் முன் இதைக் கேட்டறிய வேண்டும்.

காற்றின் காலம்

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் வன்னியைக் கடந்தே அங்கு போனது. 2008 நவம்பரில் நிஷா, யுத்தத்தால் மரநிழல்களில் கிடந்த மக்களை வெள்ளத்தில் நிறுத்தியது. 2020 டிசம்பரில் புரேவி, 2024 நவம்பரில் ஃபெங்கால். 2025 நவம்பர் இறுதியில் டித்வா நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. எல்லாம் கார்த்திகை மார்கழியில். அந்த இரண்டு மாதங்கள் தீவுக் குடும்பத்துக்கு வருமானம் குறைந்த மாதங்களும்கூட. படகை இறக்காதே என்று அறிவிப்பு வரும் நாட்களில் அடுப்பு எரிய ஏதேனும் கையிருப்பு வேண்டும்.

அந்தக் கையிருப்பு பழைய தலைமுறையிடம் இருந்தது. கருவாடு, ஆடு, தேங்காய், கரையில் உறவுகளிடம் கொடுத்து வாங்கும் நெல். இன்று பிடித்த நண்டு அன்றே கரைக்குப் போயாக வேண்டும், ஏனெனில் தீவில் ஐஸ் இல்லை. ஒவ்வொரு நாளும் போய்வர மண்ணெண்ணெய் வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது பல படகுகள் கரையிலேயே கிடந்தன. தீவில் சூரிய மின்னில் இயங்கும் சிறு ஐஸ் அறையொன்றைச் சங்கமே நடத்தினால் மூன்று நாட்பிடியை ஒரே ஓட்டத்தில் கொண்டுபோகலாம். எரிபொருள் செலவு மூன்றிலொன்றாகும், காற்று மோசமான நாளில் கட்டாயம் கடக்கவும் வேண்டியிராது. உயிர்காப்பு அங்கி வழங்கும் நிகழ்வுகளைவிட இது அதிக உயிர்களைக் காக்கும் என்பது என் எண்ணம்.

உதவி நிறுவனங்களிடம் ஊர்ச்சங்கங்கள் கேட்க வேண்டிய வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் கூரைத்தொட்டி. அடுத்து, சோளகத்திலும் வாடையிலும் படகு அணையக்கூடிய இறங்குதுறை, பிறகு ஐஸ். கடலட்டைப் பண்ணைக்கு இடம் குறிக்கும்போது நடைத்தொழில் பெண்களின் பாதையை வரைபடத்தில் முதலில் கீறிவிட்டு, மிச்ச இடத்தைப் பங்கிட வேண்டும். பண்ணை உரிமத்தில் தீவுக் கடற்றொழிலாளர் சங்கமும் பெண்கள் சங்கமும் பெயரோடு இருக்க வேண்டும். கடற்றொழில் திணைக்களமும் நீரியல் உயிரின வளர்ப்பு அதிகாரசபையும் பிரதேச செயலகமும் தனித்தனியே கூட்டம் வைத்தால் இது நடக்காது. ஒரே மேசையில், இரணைமாதாநகரில், படகு கரைக்கு வந்துவிட்ட பின்னேரத்தில் அந்தக் கூட்டத்தை வைக்கலாம்.