தேயும் சில்லின் கதை

துவிச்சக்கரவண்டியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அது எவ்வாறு ஓடத் தொடங்கியது என்பதையே விரித்துரைப்பர். அது எவ்வாறு நிற்கக் கற்றது என்பதை ஓரிரு வரிகளிற் சொல்லி முடித்துவிடுவர். ஓடும் பொருளொன்றை நிறுத்துவதெனில் அதன் வேகத்தை எங்கேனும் செலவிட்டாக வேண்டும். அச்செலவு உராய்வாயும் வெப்பமாயும் கழிகின்றது. உராயும் பொருள்களுள் ஒன்றேனும் தேய்ந்தே தீரும். தேயவேண்டிய பொருள் எது என்ற வினாவுக்கு வெவ்வேறு தலைமுறையினர் வெவ்வேறு விடை கண்டனர்.

ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலே 1817 ஆம் ஆண்டில் கார்ல் வொன் டிறைஸ் ஓட்டிக்காட்டிய மரவண்டிக்கு மிதிகட்டை இல்லை. காலால் நிலத்தை உந்தியே செலுத்துதல் வேண்டும். 1860களிற் பாரிஸ் நகரில் மிதிகட்டை பூண்ட வண்டிகள் தோன்றியபோது, கைபிடியை முறுக்கினால் ஒரு கயிறு இறுகிப் பின்சில்லின் இரும்புப்பட்டையை அழுத்தும் ஏற்பாடு அமைந்தது. பின்னர் வந்த உயர்சில்லு வண்டியிலோ, கரண்டிபோல் வளைந்த தகடொன்று முன்சில்லின் கெட்டியான றப்பரை மேலிருந்து அழுத்திற்று. ஓட்டுபவர் அச்சில்லின் அச்சுக்கு ஏறக்குறைய நேர்மேலே, ஆளுயரத்தில் அமர்ந்திருப்பார். சற்றுப் பலமாகப் பிறேக்கைப் பிடித்தால் வண்டி நிற்கும்; அவர் நில்லார், தலைகீழாய் முன்னே விழுவார். நிறுத்துங் கருவிக்கே அஞ்சி நடந்த காலம் அது.

பெல்பாஸ்ற் நகரில் மிருகவைத்தியராய் இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் 1888 ஆம் ஆண்டிற் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். பயணம் சுகமாயிற்று; பிறேக்குக்கோ புதிய இடர் பிறந்தது. விலையுயர்ந்த அந்த ரயரின்மேற் கரண்டித்தகட்டை அழுத்தினால் அது விரைவில் தேய்ந்து கெட்டது. ஆகவே ரயரை விடுத்து, அதனைத் தாங்கும் உலோக வளையத்தை, அதாவது வழக்கிலே ரிம் எனப்படுவதை, அழுத்தும் முறைகள் பரவலாயின. 1896 இல் ஏர்னெஸ்ற் பௌடன் காப்புரிமை பெற்ற உறைக்கம்பி இதற்குப் பெருந்துணையாயிற்று. எனினும் ஆங்கிலத் தெருவண்டிகள் நெடுங்காலம் இரும்புக் கோல்களையே நம்பின. கைபிடியை இழுத்தால் கோல்கள் மேலெழுந்து, அச்சின் பக்கத்திலிருந்து ரிம்மின் உட்புறத்திற் கட்டைகளை அழுத்தும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓடிய றலி, ஹம்பர் வண்டிகளை நினைவிற் கொண்டோர்க்கு இவ்வமைப்பை விளக்க வேண்டியதில்லை. மாரிமழையில் நனைந்த அந்த உருக்கு ரிம்மிற் கட்டைகள் வழுக்கும் என்பதும், சந்திக்கு வெகுதூரம் முன்பே கைபிடியை இழுக்க வேண்டும் என்பதும் அவர்கள் அறிந்தவையே. ஆயினும் உருக்கு எளிதிற் கரைவதன்று. மேற்பூச்சு அழியும், துரு ஏறும். ரிம் தேய்ந்து பிளக்கும் என்று எவரும் அஞ்சியதில்லை.

அவ்வச்சம் இலேசான உலோகத்தோடு வந்தது. 1934 ஆம் ஆண்டின் ரூர் டி பிரான்ஸ் போட்டியில் வெற்றிபெற்ற அன்ரொனின் மான், மவிக் நிறுவனம் செய்த டியூரலுமின் ரிம்களை, மரத்தாற் செய்தவைபோற் தோன்றுமாறு வர்ணம் பூசி ஓட்டினார் என்று கூறுவர். மரரிம்மே விதியாயிருந்த காலம் அது. உலோக ரிம்களின் இலகுவும் உறுதியும் விரைவில் மற்றோரையும் ஈர்த்தன. அடுத்த ஆண்டு, 1935 இல், அல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயிலிருந்து இறங்குகையில் ஸ்பானிய வீரர் பிரான்சிஸ்கோ செப்பேடா வீழ்ந்து சிலநாட்களில் உயிர்நீத்தார். அப்போட்டியில் ஓட்டத்தின்போது நேர்ந்த விபத்தினால் மாண்ட முதல்வீரர் அவரே. நெடுஞ்சரிவிற் பிறேக்கினாற் சூடேறிய புதிய ரிம்மில் ரயரை ஒட்டிய பசை இளகிற்று எனக் குறைகூறினோர் அன்றே இருந்தனர். உண்மைக் காரணம் எதுவாயினும், நிறுத்தும் வெப்பத்தை ரிம்மே ஏற்கிறது என்பதை அச்சாவு உலகுக்கு உணர்த்திற்று.

அலுமினியக் கலப்புலோக ரிம்கள் பின்னர் உலகெங்கும் பரவின. மழையிலும் அவை உருக்கைவிட நன்றாக நிறுத்தும், ஆனால் மென்மையானவை. கட்டையிற் சிக்கும் மணலும் சேறும் அரம்போல் அவற்றை அராவும். கலிபோர்ணியாவின் மரின் பகுதியில் 1976 இல் தொடங்கிய ஒரு மலைச்சரிவுப் போட்டியின் பெயரே இத்துன்பத்தைச் சொல்லும். அங்கு ஓடிய பழைய வண்டிகளின் பின்குடத்துப் பிறேக்கில் இருந்த கிறீஸ் ஒவ்வோர் ஓட்டத்திலும் வெந்து புகைந்துவிடும். குடத்தைத் திறந்து புதிதாய் அடைத்தல் வேண்டும். அதனாற் போட்டிக்கு 'றீபாக்' என்று பெயராயிற்று. அவ்வழிவந்த மலைவண்டிகள் ரிம் பிறேக்குக்கு மாறியபோது, தேய்வு குடத்தைவிட்டு ரிம்முக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே.

புதிய ரிம்மின் பக்கச்சுவர் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு தடித்திருக்கும். அது ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே மெலிந்தால் ஆபத்து அணுகிவிட்டது. பந்தய ரயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அளவில் அடைக்கப்படும் காற்று அச்சுவரை இடைவிடாது வெளியே தள்ளுகிறது. தாங்கும்வரை ஒன்றும் தெரியாது. தாங்காத கணத்திற் சுவர் நீளமாய்க் கிழிந்து, முன்சில்லாயின் சில்லையே பூட்டிவிடவுங் கூடும். இதை முன்னரே அறிய நுண்கருவி தேவையில்லை. நேரான விளிம்புடைய அளவுகோலைப் பக்கச்சுவரின் குறுக்கே வைத்துப் பார்த்தால், தேய்ந்த சுவர் நடுவிற் குழிந்து வெளிச்சம் காட்டும். விரல்நகத்தை ஓட்டினாலும் பள்ளம் புலனாகும். மயிரிழை வெடிப்போ, பிறேக் பிடிக்கையிற் புதிதாய் ஒரு துடிப்போ தென்பட்டால் அந்தச் சில்லில் ஏறுதல் தகாது.

உற்பத்தியாளர் பலர் ரிம்மிலேயே ஓர் எச்சரிக்கை அடையாளம் வைக்கின்றனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிலர் வெளியே ஒரு பள்ளக்கோடு வெட்டுவர். அது மறைந்தால் ரிம் முடிந்தது. வேறு சிலர் உள்ளே ஒரு குழி துளைப்பர். அது வெளியே தோன்றினால் ரிம் முடிந்தது. ஒருவரின் குறி மறைவதும் மற்றவரின் குறி தோன்றுவதும் ஒரே பொருளைத் தரும்போது, எக்குறி எவ்வகையது என அறியாதவர் என்ன செய்வார்? இவ்வளவு முக்கியமான செய்தியை இரண்டு எதிர்மொழிகளில் எழுதியது பொறியியலாரின் பெருமைக்கு உகந்ததன்று.

தெருப்பந்தயங்களிற் தட்டுப் பிறேக்குக்கு 2018 இல் நிலையான அனுமதி கிடைத்தது. அவ்வகை வண்டிகளில் ரிம் இப்போது தேய்வதில்லை. குடத்தோடு சுழலும் மெல்லிய உருக்குத்தட்டே தேய்கிறது. அத்தட்டுகள் பலவற்றில் எத்தடிப்பு வரை பயன்படுத்தலாம் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கும்: 1.5 மில்லிமீற்றர்.