அடுக்குமாடி எங்கே எழுகிறது?

2019இல் மாநகராட்சியான நாகர்கோவில், வயலையும் குளத்தையும் அழிக்காமல் வளர வேண்டுமானால் உயரத்தில்தான் வளர முடியும். ஆனால் உழைக்கும் மக்களுக்கான மாடிவீடு எங்கே எழும் என்பதே கேள்வி. சென்னையின் அனுபவம் கசப்பானது.

1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், தொடக்கத்தில் பெரும்பாலும் குடிசைகள் இருந்த நிலத்திலேயே மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. 2000க்குப் பின் திசை மாறிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தெற்கு விளிம்பில் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்டோரில் பெரும்பான்மையோர் தலித்துகள். பெரும்பாக்கத்தின் எட்டுத் தள அடுக்குகளில் மின்தூக்கி பழுதானால் முதியோர் வீட்டுக்குள் முடங்குகின்றனர். வீட்டுவேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் செல்வோரின் கூலியில் ஒரு பகுதியைப் பயணமே தின்கிறது. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடம் கான்கிரீட்டில் மீண்டும் வரையப்பட்டிருக்கிறது. (2021இல் வாரியத்தின் பெயர் மட்டும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றானது.)

நாகர்கோவிலில் துப்புரவுத் தொழிலாளருக்கு மாடிவீடு திட்டமிடப்படும்போது, இப்போது குடியிருக்கும் நிலத்திலேயே கட்டப்படுமா, பட்டா யார் பெயரில் என்பதை அடிக்கல் நாட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.