ஐஸ் ஹவுஸும் அத்தைப்பாட்டியும்

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஒரு மே மாதம், மெரினாவுக்குப் போவதற்காகத் திருவல்லிக்கேணி வழியே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். கண்டக்டர் "ஐஸ் ஹவுஸ் எல்லாம் இறங்கு" என்று குரல் கொடுத்ததும் இரண்டும் துள்ளி எழுந்துவிட்டன. பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. அவர்கள் அப்பா அலுவலகத்திலிருந்து நேராகக் கடற்கரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை நேரம் போகவேண்டுமே என்று நானும் இறங்கிக்கொண்டேன்.

கடலைப் பார்த்து நிற்கும் அந்த வளைந்த கட்டடத்தின் முன்னால் 'விவேகானந்தர் இல்லம்' என்ற பலகை இருந்தது. உள்ளே சுவாமியைப் பற்றிய கண்காட்சி. படங்களை எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வந்த சின்னவனின் முகம் அழுகைக்குத் தயாராக இருந்தது.

"ஐஸ் எங்கம்மா?"

"இருந்துதுடா, ரொம்ப நாளைக்கு முன்னாடி. அமெரிக்காவிலிருந்து கப்பல்ல வந்துது."

அவன் நம்பவில்லை. பெரியவளும் நம்பவில்லை. ஆனால் உண்மை அதுதான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஃபிரெடரிக் டியூடர் என்று ஒருவர் இருந்தார். குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகளும் குளங்களும் உறைந்து பாறையாகிவிடும். அதை வெட்டி வெயில் தேசங்களுக்கு விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1806இல் கரீபியத் தீவான மார்டினிக்குக்கு முதல் கப்பலை அனுப்பினார். நஷ்டம். ஊர் சிரித்தது. கடன் பட்டுச் சிறைக்கும் போய் வந்தார். ஆனாலும் விடவில்லை. 1820களில் நத்தானியேல் வையத் என்பவர் குதிரை பூட்டி உழுவதுபோல ஐஸை வெட்டும் கலப்பையைக் கண்டுபிடித்தார். அதன்பின் சதுரம் சதுரமாக, ஒரே அளவுக் கட்டிகளாக வெட்ட முடிந்தது. ஒரே அளவில் இருந்ததால் இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது. காற்று புகாததால் உருகுவதும் குறைந்தது. சுற்றிலும் மரத்தூளைத் திணித்தார்கள்.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதம். பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சமிருந்தது. அடுத்து பம்பாய், சென்னை. இங்கே ஐஸை இறக்கிப் பாதுகாக்க 1842 வாக்கில் கட்டியதுதான் இந்த ஐஸ் ஹவுஸ். மூன்று ஊர்களில் இருந்த ஐஸ் கிடங்குகளில் இன்று நிற்பது இது ஒன்றுதான். டியூடரின் ஆட்கள் ஐஸ் வெட்டிய இடங்களில் தோரோ குடிலமைத்துத் தங்கியிருந்த வால்டன் குளமும் ஒன்று. 1854இல் வந்த அவர் புத்தகத்தில் இதையொட்டிச் சென்னையின் பெயரும் இடம்பெறுகிறது.

அந்த ஐஸ் யாருக்கு? வெள்ளைக்கார அதிகாரிகளின் மதுக் கோப்பைக்கும், காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும், கொஞ்சம் உள்ளூர்ப் பணக்காரர்களுக்கும். கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்திருப்பார்களா என்று தெரியாது. 1870களில் நீராவி இயந்திரத்தால் இங்கேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் பாஸ்டன் வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கு காலியானது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஐஸ் எங்கள் கிராமத்துக்கு வர இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. நான் சொல்வது 1978, 79 கோடை. தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தாவின் ஊர். பரீட்சை முடிந்த மறுநாளே எங்களை ரயிலேற்றிவிடுவார்கள். அண்ணா, நான், பெரியப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று பதினொரு உருப்படிகள். இரண்டு மாதம் எங்களைக் கட்டி மேய்த்தது தாத்தாவின் அக்கா, எங்கள் அத்தைப்பாட்டி. மொட்டைத் தலை, நார்மடிப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வடாம் மாவு கிளறுவாள். ஏழு மணிக்கெல்லாம் மாடியில் பழைய வேஷ்டி விரித்துப் பிழிந்து முடித்துவிடுவாள். காக்கா ஓட்டுவது எங்கள் வேலை. கூலி, பாதி காய்ந்த வடாம். மத்தியானம் முற்றத்தில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து வத்தக்குழம்பு சாதம் பிசைந்து கையில் உருட்டிப் போடுவாள். சண்டை வந்தால் தீர்ப்பு, ஜுரம் வந்தால் கஷாயம், ராத்திரி பயந்தால் திருநீறு, எல்லாம் அவள்தான்.

மூன்று மணிக்கு ஐஸ் வண்டி வரும். சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி, அதன் மூடியைப் படீர் படீர் என்று தட்டும் சத்தம். குச்சி ஐஸ் அஞ்சு பைசா, பால் ஐஸ் பத்து பைசா. அத்தைப்பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணித் தருவாள். "தொண்டை கட்டிண்டா எங்கிட்ட வந்து நிக்கப்படாது" என்பது தினசரி எச்சரிக்கை. அவள் தின்னமாட்டாள். மடி, ஆசாரம். கடைப் பண்டம் எதையும் தொட்டதில்லை.

ஒருநாள் எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு ஐஸ் பார் வந்து இறங்கியது. உமி போட்டு மூடிச் சாக்கில் சுற்றியிருந்தார்கள் (டியூடரின் மரத்தூளுக்கு எங்கள் ஊர் உமி). அண்ணா ஒரு துண்டை உடைத்துக்கொண்டு ஓடிவந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தைப்பாட்டியின் உள்ளங்கையில் வைத்துவிட்டான். திட்டு விழும் என்று நாங்கள் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். அவள் திட்டவில்லை. கரையும்வரை கையில் வைத்திருந்தாள்.

"இவ்ளோ ஜில்லுன்னா இருக்கும்?" என்றாள். பிறகு சொன்னாள்:

"என்னை ஒரு தரம் மதராஸ்ல ஐஸ் ஹவுஸுக்கு அனுப்பறதா பேச்சு இருந்துது. மாமா ஒருத்தர் வந்து எங்கப்பாட்ட சொன்னார். எனக்கு என்ன தெரியும், பத்து வயசு. ஐஸ்ல படுக்கவச்சுடுவாளோன்னு பயந்து ராத்திரி பூரா அழுதேன். சரி வேண்டாம்னு விட்டுட்டா."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். அந்தக் கோடை முழுவதும், யாராவது குறும்பு செய்தால் "ஐஸ் ஹவுஸுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவது எங்கள் விளையாட்டாகிவிட்டது.

அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

காலியான கட்டடத்தைப் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். அதே வருஷம் முதல் 1906 வரை ராமகிருஷ்ண மடமும் அங்கே நடந்தது. அதற்கடுத்து வந்தவர்தான் சகோதரி சுப்பலட்சுமி. 1886இல் பிறந்தவர்; பதினோரு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கணவன் இறந்துவிட்டான். அவர் அப்பா மகளை மூலையில் உட்காரவைக்காமல் படிக்கவைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1912இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதவைச் சிறுமிகளோடு அவர் தொடங்கிய இல்லம் வளர்ந்து, இடம் போதாமல், கடைசியில் ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. 1917இல் அரசாங்கம் கட்டடத்தை விலைக்கே வாங்கியது. பிராமண விதவைகளுக்கான விடுதி அது. அந்த எல்லைக்குள்தான் அன்று அரசாங்கமும் யோசித்தது. ஆனாலும் அங்கே வந்த சிறுமிகள் பள்ளிக்கூடம் போனார்கள், ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். குழந்தை மணத் தடைச் சட்டம் வந்தது பிறகுதான், 1929இல்.

அத்தைப்பாட்டிக்கு ஒன்பது வயதில் எல்லாம் முடிந்துபோயிற்று. வயதைக் கணக்குப் பார்த்தால், மாமா வந்து பேசியது 1918 அல்லது 1919ஆக இருக்க வேண்டும். சுப்பலட்சுமி அந்தக் கட்டடத்தில் இருந்த காலம். தங்கை மாதிரிப் பாவித்துப் படிக்கவைத்திருப்பார். அது ஐஸ் இல்லை, பள்ளிக்கூடம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அல்லது அவள் அழுதது அவர்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று. ஐஸ் என்ற ஒரு சொல்லின் பயத்தில் அறுபது வருஷம் ஒரே சமையலறையில் கழிந்தது. நாங்களோ அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரிச் சுருக்கிச் சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்து மணலுக்கு வந்தேன். ஆளுக்கொரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். சின்னவன் கதையை எப்போதோ விட்டுவிட்டு ஆரஞ்சு நிறம் ஒழுகும் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தான். பெரியவள் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பாட்டி இங்க வந்திருந்தா டீச்சர் ஆயிருப்பாங்களா?"

"ஆயிருக்கலாம்."

"அப்போ லீவுக்கு நீங்கல்லாம் ஊருக்குப் போறச்சே யாரு வடாம் போட்டுத் தந்திருப்பாங்க?"

நான் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தேன். தம்பி பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள் என்று இரண்டு தலைமுறையின் கோடை விடுமுறைகள் அவள் போகாமல் நின்றதில் நடந்தவை. எனக்கு வாய்த்த அந்தச் சந்தோஷத்தை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"ஐஸ் உருகறது பாரு, சாப்பிடு" என்றேன்.