காது கேளாதோர் அடையாளம்

காது கேளாதோர் தம்மைக் கண்ணாலும் கையாலும் பேசும் ஒரு மொழிச் சமூகத்தினராக உணர்வதைக் காது கேளாதோர் அடையாளம் என்பர். சாதியும் ஊரும் தாய்மொழியும் பெற்றோர் வழியாக வருகின்றன. இது அப்படி வருவதில்லை. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அவர்களுக்கு இந்த அடையாளத்தைத் தருவோர் பெரும்பாலும் பள்ளி விடுதியில் இருக்கும் மூத்த பிள்ளைகள்.

உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையிலுள்ள எலவனாசூர்கோட்டை போன்ற ஊரிலோ, கல்வராயன் மலைச் சிற்றூரிலோ பிறக்கும் இத்தகைய குழந்தைக்கு முதலில் வாய்ப்பது வீட்டுச் சைகை. சோறு, தண்ணீர், மாடு, போ, வா எல்லாம் அதில் உண்டு. ‘நேற்று ஏன் அழுதாய்?’ என்று கேட்க அது போதாது. ஊரார் ‘ஊமை’ என்பார்கள். பல வீடுகளில் அதுவே பெயராக ஒட்டிக்கொள்வது பெருங்கொடுமை.

விடுதிக்குப் போனதும் வேறொரு பெயர் கிடைக்கிறது. நெற்றித் தழும்பு, கன்னக்குழி, சுருட்டை முடி என ஏதாவது ஒன்றைப் பார்த்து உடனிருப்பவர்கள் பெயர்ச் சைகை சூட்டுவார்கள். அது ஆயுளுக்கும் நிற்கும். ஆளைக் கூப்பிடத் தோளைத் தட்டுவார்கள், தரையை மிதித்து அதிரவைப்பார்கள், விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். இரவில் மின்சாரம் போனால் பேச்சும் நின்றுவிடும்.

தமிழகத்தில் காது கேளாதோர் கல்விக்கு வேர் பாளையங்கோட்டையில் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரி புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அங்கே பள்ளி தொடங்கினார். ஆனால் 1880-இல் காது கேளாதோர் கல்விக்காகக் கூடிய மிலான் மாநாடு சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது எனத் தீர்மானித்திருந்தது. அதன் நிழல் நம் பள்ளிகளிலும் நெடுங்காலம் படிந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளச் சொல்வது எளிது. ‘படம்’, ‘மடம்’ இரண்டையும் கண்ணாடி முன் ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள், உதட்டில் வேறுபாடே தெரியாது.

1970-களின் இறுதியில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் முதலிய ஆய்வாளர்கள் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் சைகைகளை ஆராய்ந்து, அவை நெருங்கிய உறவுடையவை எனக் காட்டினர். இந்தியச் சைகை மொழி தமிழின் கைவடிவமோ இந்தியின் கைவடிவமோ அன்று. அதற்குத் தனி இலக்கணம் உண்டு, வினாச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஊருக்கு ஊர் சைகைகள் இப்படி நெருங்கியிருப்பதால்தான் விடுதியில் வளர்ந்த பையனால் டெல்லிக்காரரோடு மனம்விட்டுப் பேச முடிகிறது. ஊருக்கு வந்தால் அப்பாவோடு முடிவதில்லை, அவர் அந்த மொழியைக் கற்கவே இல்லை.

2015-இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) இரு காதிலும் 70 டெசிபெல் இழப்பைக் காது கேளாமை என வரையறுத்து, சைகை மொழியையும் ஏற்கிறது.

தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் ஓசையை உணரவைக்கும் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. அதற்காகச் சைகையைத் தடுப்பது தவறு. கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றியதும் அந்தக் குழந்தைக்கு மறுபடி ஓசை இல்லை. 1924 முதல் நடந்துவரும் காது கேளாதோர் ஒலிம்பிக்கில் போட்டியின்போது எல்லோரும் கருவிகளைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் மூன்று இறகுப்பந்துத் தங்கங்களை வென்றது அந்தக் களத்தில்தான்.