சுமந்தவனுக்கு என்ன பங்கு?

"சார்... சந்தோஷமா ஏதாவது பார்த்துக் குடுங்க சார்!"

சென்னையிலிருந்து கோவைக்கோ பெங்களூருக்கோ வீடு மாற்றிக்கொண்டு போனவர்களுக்கு இந்த வாக்கியம் நன்றாகத் தெரிந்திருக்கும். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், பாட்டி காலத்து அம்மி எல்லாம் மூன்றாவது மாடிக்கு ஏறிவிட்டன. கம்பெனிக்குப் பேசிய பணம் பைசா பாக்கியில்லாமல் கொடுத்தாயிற்று. வாசலில் நாலு பேர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்கள். நீங்கள் பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு விழிக்கிறீர்கள். நூறா, ஐநூறா? மொத்தமாகவா, ஆளுக்கா? உள்ளேயிருந்து ஒரு குரல் வேறு: "அதான் கம்பெனிக்கு அவ்வளவு கட்டினோமே, இன்னும் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேட, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். ஊர் பெயர் கூரம்.

கூரம் என்றதும் வைணவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறவர் கூரத்தாழ்வான். ராமானுஜரின் சீடர்களில் முதன்மையானவர். ஊரிலேயே பெரிய செல்வந்தர். ஒருநாள் அத்தனையையும் தானம் செய்துவிட்டு, மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடையைக் கட்டினார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். வண்டி கிடையாது, ஆள் கிடையாது. வழியில் காடு. இருட்டியது. ஆண்டாளுக்கு உள்ளூர நடுக்கம். "மடியில் ஏதாவது கனம் வைத்திருக்கிறாயா?" என்று கேட்கிறார் கணவர். அவர் சாப்பிடுவதற்காக ஒரு தங்க வட்டிலை மட்டும் மடியில் முடிந்து எடுத்து வந்திருந்தார் அந்த அம்மாள். அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, "இனி பயமில்லை, வா" என்றாராம் ஆழ்வான்!

(இந்த இடத்தில் என் ஓட்டு ஆண்டாளுக்குத்தான். அடுத்த வேளை அவருக்குச் சோறு போட ஒரு பாத்திரம் வேண்டாமா?)

லாரி வேண்டாம், ஆள் வேண்டாம், டிப்ஸும் வேண்டாம் என்று வீடு மாற்ற இது ஒன்றுதான் வழி. நம்மால் ஆகிற காரியமா? நம்மிடம் கிரைண்டர் இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது. இன்னொருவர் தோள் வேண்டியிருக்கிறது.

கூரத்தாழ்வானுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கூரம் சரித்திரத்தில் இடம்பிடித்துவிட்டது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் வெளியிட்ட செப்பேடுகள் இந்த ஊரில் கிடைத்தன. சாளுக்கியனோடு நடந்த பெருவளநல்லூர் போரைப் பற்றி அதில் நிறைய இருக்கிறது. சரித்திர மாணவர்கள் அதைத்தான் விழுந்து விழுந்து படிப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது கடைசியில் வரும் பங்குக் கணக்கு.

கூரத்துச் சிவன் கோயிலுக்காக ஒரு கிராமத்தையே கொடுத்த மன்னன், அதை 25 பங்காகப் பிரிக்கச் சொல்கிறான். பூஜைக்கும் கோயில் பராமரிப்புக்கும் 3. நான்கு வேதம் கற்ற இருபது பேருக்கு 20. மீதி இரண்டு? மண்டபத்தில் மகாபாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு. அதே மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுப்பதற்கு ஒரு பங்கு!

கவனித்தீர்களா? பாரதம் படிக்கிற பண்டிதருக்கும் ஒன்று, குடம் சுமந்து தண்ணீர் கொண்டுவருகிற வேலைக்கும் ஒன்று. சந்தோஷப்பட்டு யாரோ போட்ட காசு இல்லை இது. செம்பில் வெட்டிய உரிமை. இன்ன வேலைக்கு இன்ன பங்கு என்று முன்கூட்டியே எழுதிவிட்டதால், தண்ணீர்க்காரர் யார் வாசலிலும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

பிற்பாடு தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் செய்ததும் இதுதான். ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடல் மகளிர் நானூறு பேரில் தொடங்கி, குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், தண்ணீர் தெளிப்பவர், வண்ணார் வரை அவரவர் பங்கைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டான்.

சரி, சுமை தூக்குகிறவர்களுக்கு வருவோம். காஞ்சியில் நடந்த ஒரு மாபெரும் 'வீடு மாற்றம்' உண்டு. மாறியவர் சாட்சாத் வரதராஜப் பெருமாள்! 1687-ல் கோல்கொண்டா விழுந்ததும், ஔரங்கசீப்பின் படை தெற்கே வருகிறது என்று காஞ்சி கிடுகிடுத்தது. 1688 வாக்கில் உற்சவர்களை ரகசியமாக வெளியே எடுத்து, சவ ஊர்வலம் போல வேடம்போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. போய்ச் சேர்ந்த இடம் இன்றைய அரியலூர் மாவட்டத்திலிருக்கும் உடையார்பாளையம். சுமார் 200 கிலோமீட்டர்.

ஆபத்து நீங்கிய பிறகு பெருமாளைத் திருப்பிக் கேட்டால், உடையார்பாளையத்து ஜமீன்தார் தர மனசில்லாமல் மறுத்துவிட்டார். ஆத்தான் ஜீயர், கர்நாடக நவாபின் தளபதியான லாலா தோடர்மாலிடம் முறையிட, அவர் தலையிட்டு 1710-ல் பெருமாளைக் காஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கோயிலில் இதற்குக் கல்வெட்டு இருக்கிறது. ஜீயர் பெயர் இருக்கிறது. தோடர்மால் பெயரும் இருக்கிறது.

தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கள் பெயர்? ஒன்றுகூட இல்லை. பிடிபட்டால் முதலில் போகிற தலை அவர்களுடையது. பாடையைத் தூக்குவதாக நடித்துக்கொண்டு அத்தனை தூரம் நடந்தவர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. பெருமாளை வீதியுலாவில் தூக்குகிறவர்களுக்குக் கோயில் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமோ? 'ஸ்ரீபாதம் தாங்கிகள்'. சுமைதூக்கி என்று யாரும் சொல்வதில்லை. அவர்களுக்குப் பிரசாதத்தில் பங்கு உண்டு, கோயில் மரியாதை உண்டு. அதை டிப்ஸ் என்று யாராவது சொல்லிப் பாருங்கள்!

இந்தப் 'பங்கு' எப்போது 'சந்தோஷம்' ஆனது? கோயிலை விட்டுச் சாலைக்கு வந்தால் கதை மாறுகிறது. 'கூலி' என்றால் தமிழில் வேலைக்குக் கொடுக்கும் ஊதியம். ஆங்கிலத்தில் அதுவே ஆளின் பெயராகிவிட்டது. (குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து வந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு.) சம்பளத்தின் பெயரால் ஒரு மனிதனைக் கூப்பிட ஆரம்பித்து, இலங்கை, மலேயா, தென்னாப்பிரிக்கா என்று கப்பலேற்றியும் அனுப்பினார்கள்.

'பேட்டா' கதை இன்னும் சுவாரஸ்யம். இன்றைக்கும் லாரி டிரைவர் பேட்டா கேட்டால் நாம் முறைக்கிறோம். அது கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் சம்பளத்துக்கு மேல் கொடுத்துவந்த படிக்காசு. 1766-ல் ராபர்ட் கிளைவ், வங்காளத்திலிருந்த வெள்ளை அதிகாரிகளின் 'டபுள் பேட்டா'வை வெட்டினார். என்ன ஆச்சு? துரைமார்கள் கூட்டாக ராஜினாமாக் கடிதங்களை நீட்டிவிட்டார்கள்! மெட்ராஸிலிருந்து மாற்று அதிகாரிகளை வரவழைத்துத்தான் கிளைவ் அதை அடக்க வேண்டியிருந்தது. படிக்காசு போனதற்கு ராணுவ அதிகாரிகள் கலகமே செய்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜை முதுகில் கட்டி மூன்று மாடி ஏறியவர் டீக்காசு கேட்டால் மட்டும் நமக்கு அது பேராசையாகத் தெரிகிறது.

சுமப்பவரின் கஷ்டம் நம் ஊருக்குத் தெரியாததும் இல்லை. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கி வைத்து, தானே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அதற்கென்று அளந்து வைத்த உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நிறைய இடங்களில் இதை நட்டிருக்கிறார்கள்.

சட்டமும் பிற்பாடு வந்தது. மகாராஷ்டிரத்தில் 1969, கேரளாவில் 1978, தமிழ்நாட்டில் 1982. கேரளாவில் விஷயம் வேறு கோடிக்கே போய், சும்மா நின்று வேடிக்கை பார்ப்பதற்குக்கூட 'நோக்குகூலி' கேட்க ஆரம்பித்து, 2018-ல் அதைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. அதை நான் ஆதரிக்க மாட்டேன். தூக்காதவருக்குப் பங்கு கூரத்துச் செப்பேட்டிலும் இல்லை!

"கதை போதும், எவ்வளவு கொடுக்கணும்? அதைச் சொல்லுங்க" என்கிறீர்களா? என் கணக்கு இது. பேரம் பேசும்போதே, ஆட்களுக்கு சாப்பாட்டுக் காசு இதில் சேர்த்தியா என்று கம்பெனியிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். சேர்த்தி இல்லையென்றால் ஆளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, டீ என்ன ஆகுமோ அதைப் பங்காகவே நினைத்துக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேலே உங்கள் சந்தோஷம். இன்றைய விலைவாசிக்கு ஆளுக்கு 200 முதல் 500 ரூபாய் வரை கௌரவமான தொகை. லிஃப்ட் இல்லாத மாடியா, கூட ஒரு நூறு வையுங்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஓட்டி வந்த டிரைவரையும் கிளீனரையும் விட்டுவிடாதீர்கள்.

மொத்தமாக மேஸ்திரி கையில் கொடுக்கவே வேண்டாம். அவரவர் கையில் கொடுங்கள். இங்கே ஏற்றுகிறவர்கள் வேறு, அங்கே இறக்குகிறவர்கள் வேறு. முதல் ஊரில் பர்ஸைக் காலி செய்துவிட்டு அடுத்த ஊரில் கையை விரிக்கக் கூடாது. காசுக்கு முன்னால் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். சொம்பு எந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவர்களைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.