காருக்கு பவர் ஏத்தப் போறீங்களா? ரீமேப் செய்யும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

காரில் லேப்டாப்பை இணைத்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ‘இசியூ’ மென்பொருளை மாற்றினால் போதும், டர்போ காரின் ஹார்ஸ்பவர் எகிறிவிடும். இதற்குப் பெயர் ‘ரீமேப்’. ஆனால், கூடிய பவரை காரின் மற்ற பாகங்கள் தாங்குமா? தாம்பரம், வேளச்சேரி பக்கம் தினமும் ஓடும் காருக்கு இது செட் ஆகுமா? பார்க்கலாம்.

பவர் எப்படி கூடுகிறது?

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போவின் வேலை. ரீமேப் செய்யும்போது அந்த அழுத்தத்தையும் பெட்ரோல் அளவையும் கூட்டுகிறார்கள். பவர் கூடும், கூடவே சூடும் கூடும்.

முதலில் அடிவாங்குவது எது?

பல கார்களில் க்ளட்ச்சும் கியர்பாக்ஸும்தான். உதாரணமாக, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் தரும் பவர் 150 பிஎஸ், டார்க் 250 என்எம். அதன் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் டிசைன் வரம்பும் அதே 250 என்எம்தான். அதற்கு மேல் டார்க்கை ஏற்றினால் க்ளட்ச்சின் ஆயுள் குறையும்.

சென்னை வெயில் என்ன செய்யும்?

மே மாத வெயிலில் ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் கார் ஊர்ந்தால், இன்டர்கூலருக்குப் போதிய காற்று கிடைக்காது. சூடான காற்று உள்ளே போனால், பெட்ரோல் நேரம் தவறி எரியும். இதுதான் ‘நாக்கிங்’. இன்ஜினைக் காப்பாற்ற இசியூ தானாகவே பவரைக் குறைத்துவிடும். காசு கொடுத்து ஏத்துன பவர், தேவைப்படும்போது கிடைக்காது. நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டனே உடையலாம்.

மழை வந்தால்?

குளிர்ந்த காற்றுக்காக சிலர் இன்டேக் ஃபில்டரை பம்பருக்குள் தாழ்வாக வைக்கிறார்கள். முடிச்சூர், வேளச்சேரி மாதிரி தண்ணீர் தேங்கும் இடங்களில் இது பெரிய ரிஸ்க். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் காலி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரண்டியும் இன்சூரன்ஸ் க்ளெய்மும் கைவிட்டுப் போகலாம்.

அப்போ ரேஸ் கார்கள் எப்படி தாங்குகின்றன?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் 3-ஆவது இடம் பிடித்தது. இதுபோன்ற ரேஸில் வேகம் மட்டும் போதாது, கார் கடைசி வரை நிற்காமல் ஓட வேண்டும். அதனால் பவருக்கு ஏற்றபடி கூலிங், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாமே தயாராகின்றன. குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் இன்ஜினையே பிரித்துப் பார்க்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

தினசரி ஓட்டும் காரை கம்பெனி தந்தபடியே விடுவதுதான் பாதுகாப்பு. டிராக்குக்கு மட்டும் என தனி கார் வைத்திருப்பவர்கள், முதலில் பிரேக், டயர், ஆயில், கூலிங்கைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து க்ளட்ச், கடைசியாகத்தான் ரீமேப். வேகத்தைக் காட்ட ஈசிஆர் வேண்டாம், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது.